முகத்துவாரத்தில் எஞ்சின் நிற்பது தற்செயல் அல்ல

கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிகுப்பம் தொடங்கி, பழவேற்காடு ஏரியையும் அதற்கு வெளியே உள்ள கடலையும் நம்பி ஃபைபர் படகு ஓட்டும் அனைவருக்கும்:

இந்த மடல் உங்கள் எஞ்சினைப் பற்றியது. எஞ்சின் கோளாறு என்றதும் எல்லோருடைய கையும் பிளக்குக்கும் கார்ப்பரேட்டருக்கும்தான் போகிறது. நான் எழுத வந்தது அவற்றுக்கு முந்தைய பகுதியைப் பற்றி: கேன் மூடியில் தொடங்கி, டியூப், கையால் அமுக்கும் ரப்பர் பல்பு, கனெக்டர், ஃபில்டர், பம்ப் என்று கார்ப்பரேட்டரின் வாசல்வரை வந்து முடியும் எரிபொருள் வழியைப் பற்றி. நன்றாகக் கிளம்பி, நன்றாக ஓடி, நடுவழியில் இழுத்து இழுத்து நிற்கும் எஞ்சினில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த வழியைத்தான். கார்ப்பரேட்டரைக் கடைசியில்தான் தொட வேண்டும். இந்த வரிசை தலைகீழாக நடப்பதால் பணம் வீணாகிறது, தொழில் நாள் வீணாகிறது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. உண்மையான கோளாறு அப்படியே இருக்க, சரிசெய்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு படகு மறுபடி கடலுக்குப் போகிறது.

பழவேற்காட்டில் இது ஏன் மற்ற ஊர்களைவிட முக்கியம் என்றால், நீங்கள் கடலுக்குப் போகவும் வரவும் முகத்துவாரத்தைக் கடந்தாக வேண்டும். அந்த முகத்துவாரம் நிலையாக இருப்பதில்லை. மணல் சேர்ந்து குறுகுகிறது, சில ஆண்டுகளில் அடைத்தே போகிறது, ஆழம் மாறுகிறது. மணல்திட்டின் மேல் அலை உடையும் இடத்தில் படகுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அதன் வேகம்தான். எஞ்சின் ஓடும்வரை முனை அலையை நேராகப் பார்த்திருக்கும். நின்றுவிட்டால் அடுத்த அலையிலேயே படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் நங்கூரம் போட்டு, மூடியைத் திறந்து, நிதானமாகப் பார்க்க நேரம் உண்டு. முகத்துவாரத்தில் அந்த நேரம் கிடையாது.

"ஏரி முழுக்க நன்றாகத்தான் ஓடியது, சரியாக முகத்துவாரத்தில் வந்து நின்றுவிட்டது" என்று சொல்லும்போது அதைக் கெட்ட நேரம் என்றே எடுத்துக்கொள்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் நேரத்தின் பங்கு குறைவு. 9.9 குதிரைத்திறன் கொண்ட டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் முழு ஆக்சிலேட்டரில் மணிக்கு ஏறத்தாழ 4 முதல் 5 லிட்டர்வரை குடிக்கும். மெதுவாக ஓடும்போது அதில் ஒரு சிறு பங்கே போதும். பாதி அடைத்த ஃபில்டரோ, காற்று இழுக்கும் டியூபோ அந்தச் சிறு பங்கைக் கொடுத்துவிடும். அதனால் ஏரியில் சாவகாசமாகப் போகும்போது குறை எதுவும் தெரியாது. முகத்துவாரத்தில் முழு ஆக்சிலேட்டர் கொடுக்கிறீர்கள். மணிக்கு நாலரை லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 75 மில்லி. கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் எப்போதும் இருப்பது சில பத்து மில்லிதான். வழியில் குறை இருந்தால், கிண்ணத்தில் இருப்பதைக் குடித்து முடித்து ஓரிரு நிமிடத்துக்குள் எஞ்சின் தவிக்கத் தொடங்கும். அதற்குள் படகு அலை உடையும் இடத்துக்கு வந்திருக்கும். இதோடு இன்னும் இரண்டு சேர்ந்துகொள்கின்றன. திரும்பி வரும்போது கேன் பாதிக்குக் கீழே இருக்கும். அலையில் படகு முன்னும் பின்னும் ஏறி இறங்க, கேனுக்குள் இருப்பதெல்லாம் கலங்கி, அடியில் கிடந்த தண்ணீரும் கசடும் உறிஞ்சு குழாயின் வாய்க்கு வந்துவிடும். அதிகத் தேவை, குறைந்த இருப்பு, கலங்கிய கேன் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் முகத்துவாரம். பலவீனமான எரிபொருள் வழி அங்கே காட்டிக்கொடுப்பதில் வியப்பில்லை.

கரையில் தண்ணீர் ட்ரம்முக்குள் வைத்து ஓட்டிப் பார்க்கும் சோதனை ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கும் இதுவே பதில். ட்ரம்முக்குள் எஞ்சினுக்குச் சுமை இல்லை. குறைந்த எரிபொருளிலேயே சந்தோஷமாக ஓடும். "நல்லாத்தானே ஓடுது" என்று மெக்கானிக் சொல்வது பொய்யில்லை. அவருக்குக் காட்டப்பட்டது வேறு நிலைமை. கோளாறைப் பார்க்க வேண்டுமானால் அது வரும் நிலைமையை உண்டாக்க வேண்டும். அதற்கு உங்கள் ஏரியே போதும். முகத்துவாரத்துக்கு வருமுன், ஆழமான வாய்க்காலில், முழு ஆக்சிலேட்டரில் மூன்று நிமிடம் விடாமல் ஓட்டிப் பாருங்கள். ஒரு நிமிடம் போதாது. அடிக்கிண்ணத்தில் இருப்பதையும் வந்துசேரும் கொஞ்சத்தையும் வைத்து அது சமாளித்துவிடக்கூடும். மூன்று நிமிடம் தாங்கினால், கேனிலிருந்து வர வேண்டியது வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

எஞ்சின் எப்படி நின்றது என்பதே பாதிச் சேதியைச் சொல்லிவிடும். சட்டென்று ஒரே அடியாக அணைந்து போனால் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள்: சுவிட்ச், ஒயர், காயில், பிளக். சத்தம் மெலிந்து, வேகம் குறைந்து, ஒருமுறை தூக்கிப் பார்த்து, மறுபடி சரிந்து நின்றால் அது எரிபொருள் பற்றாக்குறை. அப்படிச் சரியும்போது இன்னொருவர் பின்னால் குனிந்து பல்பை அமுக்கட்டும். அமுக்க அமுக்க எஞ்சின் உயிர் பெற்றால் கார்ப்பரேட்டரும் ஜெட்டும் நன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு வந்து சேரவேண்டியதுதான் வரவில்லை. சோக்கைச் சற்று இழுத்ததும் சத்தம் தேறினாலும் குறைவது எரிபொருள் என்றே பொருள். இந்த இரண்டு சோதனைகளுக்கும் ஸ்பானர்கூட வேண்டாம். இருந்தும் இவற்றைச் செய்யாமலேயே கார்ப்பரேட்டரைக் கழற்றுகிறோம்.

அமுக்கும்போது பல்பு என்ன நிலையில் இருந்தது என்பதையும் கவனியுங்கள். சப்பி ஒட்டிப்போய், விட்டாலும் உப்பாமல் இருந்தால் பெரும்பாலும் கேனுக்குள் காற்று போகவில்லை. மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பீர்கள், அல்லது உப்பும் மணலும் அந்தத் துளையை அடைத்திருக்கும். மூடியைத் தளர்த்தினால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும், எஞ்சின் மறுபடி ஓடும். கிளம்பிப் பத்து நிமிடத்தில் நிற்பது, சற்று நேரம் விட்டு இழுத்தால் ஓடுவது, மறுபடி நிற்பது என்று தொடரும் படகுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். இதற்கு நேர்மாறாக, எவ்வளவு அமுக்கினாலும் பல்பு கெட்டியாகாமல் தொளதொளவென்று இருந்தால், எங்கோ காற்று நுழைகிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு பிடிக்கவில்லை. பல்பின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அது எஞ்சின் பக்கம் நோக்கி இருக்க வேண்டும். அமுக்கும்போது அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பல்பைத் தூக்கிப் பிடித்தால் வால்வுகள் சரியாக உட்காரும். தரையில் கிடந்தபடியே அமுக்கிவிட்டு, பல்பு போய்விட்டது என்று மாற்றத் தேவையில்லை.

காற்று நுழைவதைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணை ஏமாற்றுவது அதுதான். ஒழுகல் என்றால் ஈரம் தெரிய வேண்டும், வாடை அடிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். எஞ்சின் ஓடும்போது பம்ப் எரிபொருளைக் கேனிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சப்படும் டியூபில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே வராது. வெளிக்காற்று உள்ளே போகும். டியூப் உலர்ந்தே இருக்கும், படகில் ஒரு சொட்டு இருக்காது, எஞ்சின் மட்டும் தவிக்கும். கனெக்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையம் வெயிலில் வெடித்திருக்கலாம். கனெக்டர் கரை மணலில் விழுந்து ஒரு மணல் துகள் வளையத்துக்கும் பித்தளைக்கும் நடுவே உட்கார்ந்திருக்கலாம். கிளாம்புக்குப் பதிலாகக் கட்டிய கம்பி ஒரு பக்கம் மட்டும் இறுக்கியிருக்கலாம். இவற்றில் எதையும் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. பெட்ரோல் தாங்கும் தெளிவான டியூபில் ஒரு சாண் வாங்கி, முதலில் பல்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே செருகி, முழு வேகத்தில் ஓடும்போது பாருங்கள். குமிழி ஓடினால் காற்று அதற்கு முன்னால் எங்கோ நுழைகிறது. பிறகு அதே துண்டைக் கேனுக்கும் பல்புக்கும் நடுவே மாற்றுங்கள். அங்கும் குமிழி தெரிந்தால் கோளாறு கேனில் அல்லது அதன் மூட்டில். தெரியாவிட்டால் பல்பில். இரண்டே மாற்றத்தில், நாலு இடத்தில் தேட வேண்டியது ஓர் இடமாகச் சுருங்கிவிடும்.

கேனுக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் மேற்பகுதியில் விரிசல் விட்டிருந்தால் இன்னும் வினோதமாக இருக்கும். கேன் நிறைந்திருக்கும்வரை விரிசல் பெட்ரோலுக்குள் மூழ்கிக் கிடக்கும், எஞ்சின் அருமையாக ஓடும். மட்டம் விரிசலுக்குக் கீழே இறங்கியதும் குழாய் காற்றை உறிஞ்சத் தொடங்கும். போகும்போது ஒரு குறையும் இல்லை, வரும்போதுதான் தகராறு. விளையாட்டு விமானம் பறக்கவிடுகிறவர்களுக்கு இது பழகிய கோளாறு. என்சிசி விமானப் பிரிவு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்தச் சின்ன விமானங்களின் எஞ்சின் பலவற்றில் தனியாக பம்ப் கிடையாது. டேங்குக்குள் எடை கட்டிய மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று எரிபொருளோடு எரிபொருளாக அசைந்துகொண்டிருக்கும். அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், டேங்க் பாதியானதும் எஞ்சின் உச்சக் குரலில் கத்தி நின்றுவிடும். பழகாதவர் எஞ்சினின் ஊசித் திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பார். நிறைந்த டேங்குக்குச் சரியாக வைத்தால் பாதி டேங்குக்குச் சரிவராது, பாதிக்கு வைத்தால் நிறைவுக்குச் சரிவராது. பழகியவர் திருகைத் தொடாமல் டேங்கைத் திறப்பார். உள்ளங்கை அளவு எஞ்சினுக்கும் உங்கள் எஞ்சினுக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடு ஒன்றுமில்லை.

திருகைத் திருப்பி ஓட்டிவிடலாம் என்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பிஸ்டனுக்கு வழவழப்பு தருவது அதுவே. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். அதே நேரத்தில் காற்று மிகுந்த கலவை கூடுதல் சூட்டோடு எரியும். சூடு ஏறி, ஆயில் குறைந்து, கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஒரு ரப்பர் வளையத்தில் முடிந்திருக்க வேண்டிய செலவு, சிலிண்டர் வேலையில் போய் முடியும். எஞ்சின் பெட்ரோலுக்குத் தவிப்பது தெரிந்தும் விரட்டி ஓட்டுவது, ஆயில் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம்.

இனித் தண்ணீர். ஏரிக்காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு. பாதி காலியான கேன் பகலில் சூடாகிக் காற்றை வெளியே தள்ளும், இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் சுவரில் வியர்த்து அடியில் இறங்கும். ஆடும் படகில் புனல் வைத்து ஊற்றும்போது தெறிக்கும் அலை இன்னொரு வழி. மானிய மண்ணெண்ணெயையும் வரிவிலக்கு டீசலையும் மொத்தமாக வாங்கித் திறந்த வெளியில் நிறுத்திய ட்ரம் மூன்றாவது வழி. நிமிர்த்தி வைத்த ட்ரம்மின் மேல்மூடியில் தேங்கும் மழைநீர் மரை வழியாக உள்ளே இறங்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் மூன்றையும்விடத் தண்ணீர் கனம் என்பதால் அது அடிக்குப் போய், குழாயின் வாயருகே காத்திருக்கும். உப்புத் தண்ணீராக இருந்தால் கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைப் பூப்பாகவும் ஜெட்டில் பச்சைக் களிம்பாகவும் அதன் தடத்தைப் பார்க்கலாம். ஜெட் அடைத்தது உண்மைதான். ஆனால் ஜெட்டைக் குத்தி எடுத்துவிட்டு, கேனின் அடியில் கிடக்கும் தண்ணீரை அப்படியே விட்டால், அடுத்த வாரம் அதே ஜெட் மறுபடி அடைக்கும்.

பெட்ரோலில் எத்தனால் கலப்பது இந்தத் தொல்லையைப் புதிய வடிவத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. 2022-இல் நாடு 10 சதவீதக் கலப்பை எட்டியது. 2025-இல் 20 சதவீதம் எட்டியாயிற்று. எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் நாட்டம் அதிகம். ஓரளவுவரை அது தண்ணீரைக் கரைத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும், எஞ்சினுக்குத் தெரியாது. அளவு மீறியதும் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துப் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தனிப் படலமாக உட்காரும். 10 சதவீதக் கலப்புள்ள 20 லிட்டர் கேனில் இது நடக்க ஏறத்தாழ ஒரு டீ கிளாஸ் தண்ணீர் போதும். கலந்த டூ-டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால், எஞ்சினுக்குப் போவது ஆயிலே இல்லாத தண்ணீர்க் கலவை. எத்தனால் பழைய ரப்பரையும் பதம் பார்க்கும். டியூபின் உட்புறம் உரிந்து, வெளியே பார்க்க நன்றாக இருந்தபடியே உள்ளே மடல் மடலாக அடைத்துக்கொள்ளும். ஆகவே ஆயில் கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கேனின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து, கால்மணி நேரம் வைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். நடுவே கோடு தெரிந்தால் அதைப் படகில் ஏற்ற வேண்டாம்.

மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு போதும்: அணைப்பதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று நேரம் ஓட்டிவிட்டு அணையுங்கள். மண்ணெண்ணெயிலேயே அணைத்தால் மறுநாள் விடியற்காலை கிண்ணத்தில் இருப்பது குளிர்ந்த மண்ணெண்ணெய். அது எளிதில் பற்றாது, கயிற்றை இழுத்துத் தோள் வலிப்பதுதான் மிச்சம். நீள்வால் டீசல் எஞ்சினில் கார்ப்பரேட்டர் இல்லை என்றாலும் கதை இதேதான். காற்று புகுந்தால் நாஜிலுக்கு அழுத்தம் கிடைக்காது. ஃபில்டரின் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கை பம்பை அடித்து, டீசல் தெளிவாக வந்ததும் இறுக்கினால் எஞ்சின் கிளம்பும். ஆனால் காற்று எப்படிப் புகுந்தது என்று தேடாமல் தினமும் ஏர் எடுத்துக்கொண்டிருப்பது வைத்தியம் ஆகாது.

இவ்வளவு பெரிய எஞ்சினை ஒரு ரப்பர் வளையம் நிறுத்திவிடுமா என்று கேட்கலாம். உங்கள் ஏரியின் அந்தக் கரையில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பு உங்களுக்கு வரும். 2021 ஆகஸ்ட் 12 அன்று விடியற்காலையில் அங்கிருந்து கிளம்பிய ஜிஎஸ்எல்வி-எஃப்10, இஓஎஸ்-03 என்ற செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. முதல் இரண்டு கட்டங்களும் சரியாக வேலை செய்தன. மூன்றாவதான கிரையோஜெனிக் கட்டம் இயங்கவேண்டிய நேரத்தில், திரவ ஹைட்ரஜன் டேங்கில் இருக்க வேண்டிய அழுத்தம் இல்லை. அதனால் டேங்குக்குள் இருந்த எரிபொருள் பம்ப் முறையாக ஓடவில்லை, பயணம் தோற்றது. டேங்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு கசிந்ததே காரணம் என்று இஸ்ரோவின் விசாரணைக் குழு கண்டது. வால்வின் மென்மையான அடைப்பு வளையம் சேதமடைந்ததே அந்தக் கசிவுக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்பது அதன் முடிவு. அதற்கு முன் 2010 ஏப்ரல் 15 அன்று ஜிஎஸ்எல்வி-டி3 விழுந்ததும் எரிபொருள் பம்ப் நின்றதால்தான். 2013 ஆகஸ்ட் 19 அன்று ஜிஎஸ்எல்வி-டி5 கிளம்ப ஒன்றேகால் மணி நேரம் இருக்கும்போது, இரண்டாவது கட்டத்தில் எரிபொருள் கசிவது தெரிந்தது. பயணத்தை நிறுத்தினார்கள், அந்தக் கட்டத்தையே மாற்றினார்கள். 2014 ஜனவரி 5 அன்று அதே ராக்கெட் வெற்றிகரமாகப் போய்ச் சேர்ந்தது. கசிவு தெரிந்ததும் கிளம்பாமல் நின்ற அந்த முடிவை ஒவ்வொரு படகோட்டியும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் பார்க்க மெக்கானிக் இருக்கிறாரே, நாம் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. மெக்கானிக்கின் அறிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பிஸ்டன், கியர், காயில் வேலைகளுக்கு அவர்தான் வேண்டும். ஆனால் அவர் கரையில் இருக்கிறார், கோளாறு அலையில் வருகிறது. ஆக்சிலேட்டர் எவ்வளவு இருந்தது, கேனில் எவ்வளவு இருந்தது, பல்பு எப்படி இருந்தது என்பதைப் பார்க்கக்கூடியவர் படகில் இருப்பவர் மட்டுமே. அந்த மூன்றையும் சொன்னால் மெக்கானிக்கின் வேலை பாதியாகிவிடும். "நின்னு போச்சுண்ணே" என்று மட்டும் சொன்னால் அவரும் கார்ப்பரேட்டரிலிருந்துதான் தொடங்குவார். விடியற்காலை மூன்று மணிக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள் சிலர். காற்றுத் திருகைத் தொட்டுப் பார்ப்பதும் பல்பை அமுக்கிப் பார்ப்பதும் ஏற்கனவே செய்யும் வேலைகள்தான். கவனத்தோடு செய்தால் போதும். மூன்று நிமிட முழு ஓட்டம் எப்படியும் போகவேண்டிய வழியில்தான் நடக்கிறது. தண்ணீர் கலந்த எண்ணெய் கொடுத்தால் நாங்கள் என்ன செய்வது என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதைத் தட்டிக் கேட்கவும் ஆதாரம் வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் தெரியும் கோடு அந்த ஆதாரம். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் செலவுதானே என்றால், ஆம், செலவுதான். ஒரு புதுக் கார்ப்பரேட்டரைவிடக் குறைந்த செலவு.

இன்னொரு மறுப்பு எனக்கு வலுவாகவே படுகிறது. கோளாறு டியூபிலா எஞ்சினிலா என்று உறுதியாகத் தெரிய, நன்றாக இருப்பதாகத் தெரிந்த வேறொரு கேனையும் டியூபையும் மாட்டிப் பார்ப்பதுதான் மிகச் சிறந்த வழி. ஆனால் அன்றாடம் தொழிலுக்குப் போகும் பக்கத்துப் படகுக்காரரிடம் அதை எத்தனை முறை கேட்க முடியும்? தவிர, யமஹா கனெக்டர் ஒரு வடிவம், சுசுகி கனெக்டர் வேறு வடிவம்; மாட்டவும் மாட்டாது. ஆகவே இதைத் தனி ஆளின் பொறுப்பில் விட்டால் நடக்காது. ஊர்ப் பொறுப்பில் வையுங்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு சுத்தமான கேன், புது டியூப், புது பல்பு, இரண்டு வகைக் கனெக்டர், தெளிவான டியூப் துண்டு, ஒரு கண்ணாடிப் பாட்டில். யாருடைய எஞ்சின் நின்றாலும் முதலில் அதை மாட்டி, ஏரியில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கட்டும். எஞ்சின் ஓடிவிட்டால் உங்கள் கேனையும் டியூபையும் பாருங்கள். அப்போதும் ஓடாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். எங்கே நின்றது, கேனில் எவ்வளவு இருந்தது, பல்பு எப்படி இருந்தது, கடைசியில் கோளாறு எதில் கண்டது என்ற நாலு விவரமும் ஒவ்வொரு முறையும் அதில் ஏறட்டும். ஒரு பருவம் முடிந்ததும், நான் இங்கே வாதித்தது சரியா தவறா என்பதை அந்த நோட்டே சொல்லும்.

பொதுச் சாமான் பொறுப்பில்லாமல் கெட்டுப்போகும் என்ற பேச்சு மற்ற ஊர்களுக்குப் பொருந்தலாம். யார், எந்த நாள், ஏரியில் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைக் குலுக்கலிலும் முறையிலும் பங்கிட்டுக்கொள்ளும் பாடு வழக்கத்தைத் தலைமுறைகளாக நடத்திவரும் ஊர்கள் உங்களுடையவை. இறால் பிடிக்கும் இடத்தையே சண்டையில்லாமல் பங்கிடத் தெரிந்த பஞ்சாயத்துக்கு ஒரு கேனைப் பராமரிப்பது பெரிய காரியமா? பயிற்சிக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சென்னையில், மீன்பிடிப் பொறியியல் சொல்லித்தரும் மத்திய அரசின் சிஃப்நெட் நிறுவனத்தின் பிரிவு இருக்கிறது. எரிபொருள் வழிக்கென்று மட்டும் ஒரு நாள் பயிற்சியை உங்கள் கரையிலேயே, உங்கள் எஞ்சின்களை வைத்தே நடத்தித்தரும்படி ஊர் லெட்டர்பேடில் எழுதிக் கேளுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் கடலோர ஈரத்தில் சின்ன எஞ்சின்களை என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்து சொல்லவேண்டிய கடமையும் அவர்களுக்கு உண்டு. அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இதை ஊர்க்கூட்டத்தில் வைத்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவரை ஒன்றை மட்டும் இன்றே தொடங்குங்கள். பல்பு கெட்டியாகாத படகையும், முழு ஆக்சிலேட்டரில் மூன்று நிமிடம் தாங்காத படகையும் முகத்துவாரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.